ஹரால்ட் லாஸ்கி: இரண்டு ஜூரிகளுக்கு நடுவே ஒரு பேராசிரியர்

அரசியல் அறிவியல் படித்தவர்களை நடு ராத்திரியில் எழுப்பி ‘உரிமை என்றால் என்ன?’ என்று கேட்டாலும் ஒரு வரி தானாக வந்து விழும். எந்தச் சமூக வாழ்க்கைச் சூழல்கள் இல்லாமல் ஒரு மனிதன் தன் மிகச் சிறந்த நிலையை அடைய முயல முடியாதோ, அவையே உரிமைகள். சொன்னவர் பிரிட்டிஷ் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஹரால்ட் லாஸ்கி. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்த வரி அது. பரீட்சை முடிந்ததும் ஆள் மறந்துபோவார். ஆனால் அந்த வரியை எழுதியவர் நூலகத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போனவர் இல்லை. தேர்தல் மேடையில் நின்றார், கட்சிக்குத் தலைமை வகித்தார், பிரதமராகப் போகிறவரைப் பதவி விலகச் சொன்னார், பத்திரிகை மீது வழக்குப் போட்டுத் தோற்றார்.

லாஸ்கியின் வாழ்க்கையைப் பலர் பல கோணங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டு ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் சாதாரணக் குடிமக்களின் குழுக்கள். 1924-இல் ஒரு ஜூரியில் அவரே உட்கார்ந்திருந்தார். 1946-இல் இன்னொரு ஜூரியின் முன்னால் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசியல் கற்பிக்கும் ஆசிரியர் அரசியலுக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு வழக்குகளும் பெரும்பகுதி பதில் சொல்லிவிடுகின்றன.

முதல் வழக்கு நம் ஊரோடு தொடர்புடையது. சர் சி. சங்கரன் நாயர் மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1897-இல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். பிறகு வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 1919-இல் பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் ராணுவச் சட்டமும் வந்தபோது அந்தப் பதவியை உதறினார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. அதைக் கண்டித்து 1922-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதே புத்தகத்தில் பஞ்சாபில் நடந்த கொடுமைகளுக்கு அப்போதைய துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓட்வயரே பொறுப்பு என்றும் எழுதினார். ஓட்வயர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

ஐந்து வாரம் நடந்த வழக்கு அது. நீதிபதி மெக்கார்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்பதை அவர் மறைக்கவே இல்லை. ஜாலியன்வாலா பாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் செய்தது சரி, அவரைத் தண்டித்ததுதான் தவறு என்று ஜூரிக்குச் சொல்லும் உரையிலேயே சொன்னார். அந்த ஜூரியின் பன்னிரண்டு பேரில் ஒருவர், முப்பது வயதான லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆசிரியர் லாஸ்கி. பதினொரு பேர் ஓட்வயர் பக்கம். லாஸ்கி மட்டும் மறுத்தார். ஜூரி ஒருமனதாகச் சொல்வதுதான் அன்றைய வழக்கம் என்பதால் இரு தரப்பும் பெரும்பான்மை முடிவை ஏற்கச் சம்மதித்த பிறகே தீர்ப்பு வந்தது. நாயர் 500 பவுண்டு நஷ்டஈடும், அதைப் போலப் பல மடங்கு வழக்குச் செலவும் கட்ட வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்று ஓட்வயர் தரப்பு சொன்னது. நாயர் கேட்கவில்லை.

அந்த ஒற்றை ‘இல்லை’யைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே மேடை இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு மூடிய அறை, பதினொரு சக குடிமக்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். ‘சரி, நானும் சேர்ந்துகொள்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வழக்கின் முடிவை அவரால் மாற்ற முடியவில்லை. ஆனால் ஓட்வயரின் வெற்றி முழு வெற்றி இல்லை என்று ஆவணத்தில் பதிவானது அவரால்தான்.

இப்படி ஒரு மனிதர் எங்கிருந்து வந்தார்? 1893 ஜூன் 30-ஆம் தேதி மான்செஸ்டரில் பிறந்தார். அப்பா நேதன் லாஸ்கி வசதியான பருத்தி வியாபாரி, அந்த ஊர் யூத சமூகத்தின் பெரிய மனிதர். பிள்ளை பதினெட்டு வயதில், தன்னைவிட எட்டு வயது மூத்த, யூதர் அல்லாத ஃப்ரிடா கெர்ரியைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் உறவு முறிந்தது. பல ஆண்டுகள் கழித்து ஃப்ரிடா யூத மதத்தை ஏற்ற பிறகுதான் அப்பா மனம் இறங்கினார். ஃப்ரிடா பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர், பிற்காலத்தில் கருத்தடைப் பிரசாரத்தில் முன்னணியில் நின்றவர்.

ஆக்ஸ்ஃபோர்டு மாணவராக இருந்தபோது, 1913-இல், சரே மாவட்டத்தின் ஆக்ஸ்டெட் ரயில் நிலையக் கழிப்பறையில் பெண்கள் வாக்குரிமைக்காக வெடிகுண்டு வைத்ததில் லாஸ்கிக்குப் பங்கு உண்டு என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாருக்கும் காயம் இல்லை, பெரிய சேதமும் இல்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் உலகப் போரில் உடல்நிலை காரணமாக ராணுவம் அவரை எடுக்கவில்லை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1916-இல் ஹார்வர்டுக்கு. அங்கேதான் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸுடன் பழக்கம் ஏற்பட்டது. ஹோம்ஸுக்கு அப்போது எழுபத்தைந்து, லாஸ்கிக்கு இருபத்து மூன்று. 1935-இல் ஹோம்ஸ் இறக்கும்வரை தொடர்ந்த அந்தக் கடிதப் போக்குவரத்து பின்னாளில் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சானது. லாஸ்கியின் ஒரு பலவீனமும் அந்தக் கடிதங்களில் தெரியும். யாரைச் சந்தித்தேன், யார் என்ன சொன்னார் என்று அவர் சொல்லும் கதைகளில் பல மிகையானவை, சில நடக்கவே இல்லை. அவரை நேசித்தவர்களும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவரை நேசிப்பவன்தான் என்பதால் இதை மறைக்க விரும்பவில்லை.

1919-இல் பாஸ்டன் போலீஸ்காரர்கள் சங்கம் வைக்கும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரமே அவர்களுக்கு எதிராகத் திரும்பியிருந்த நேரம். லாஸ்கி அவர்களை ஆதரித்துப் பேசினார். வெளிநாட்டுக்காரர், யூதர், இளைஞர், அதோடு இதுவும் சேர்ந்தது. ஹார்வர்டு மாணவர்களின் நகைச்சுவைப் பத்திரிகை ஓர் இதழையே அவரைத் தாக்குவதற்கு ஒதுக்கியது. அதில் யூத வெறுப்பு வழிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவல் வேலைநிறுத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனாலும், லாஸ்கியை விலகச் சொன்னால் என் ராஜினாமாதான் கிடைக்கும் என்று நிர்வாகிகளிடம் சொல்லிவிட்டார். வேலை தப்பியது. ஆனால் அங்கே இனி தனக்கு எதிர்காலம் இல்லை என்று லாஸ்கிக்குப் புரிந்தது. 1920-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வந்தார். 1926-இல் கிரகாம் வாலஸ் இருந்த நாற்காலியில் அரசியல் அறிவியல் பேராசிரியர் ஆனார். சாகும்வரை அந்த நாற்காலிதான்.

அவர் என்ன சொன்னார் என்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் 1946 புரியும். ஆரம்பத்தில் அவர் பன்மைவாதி. அரசு என்பது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ஒற்றை அதிகாரம் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு மனிதர் தொழிற்சங்கத்தில் இருக்கிறார், கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போகிறார், ஊர்ச் சங்கத்தில் இருக்கிறார். இவை ஒவ்வொன்றும் அவரிடம் விசுவாசம் கேட்கின்றன. அரசும் கேட்கிறது. அரசின் கட்டளைக்குத் தானாக முதலிடம் கிடையாது, அது தன் செயலால் அந்த இடத்தைச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒவ்வோர் அரசும் அது காக்கும் உரிமைகளைக் கொண்டே அறியப்படுகிறது என்று அவர் எழுதியதும் இந்த எண்ணத்தில்தான்.

1931 அவரை மாற்றியது. பொருளாதார நெருக்கடியில் தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் தன் கட்சியை விட்டுவிட்டு, கன்சர்வேடிவ்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைத்தார். அடுத்த தேர்தலில் தொழிற்கட்சி வெறும் 52 இடங்களுக்குச் சுருங்கியது. அப்போதுதான் லாஸ்கி அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். சோஷலிசக் கட்சி ஒன்று நேர்மையாகத் தேர்தலில் ஜெயித்து, நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு சொத்துரிமையைத் தொடும் சட்டங்களைக் கொண்டுவந்தால், சொத்துக்காரர்கள் அதை அமைதியாக ஏற்பார்களா? ஏற்காவிட்டால் என்ன ஆகும்? முப்பதுகளில் அவர் எழுதிய புத்தகங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது கற்பனைக் கேள்வி இல்லை. சம்மதத்தின் வழியே புரட்சி வேண்டும், அதற்கான நேரம் கைநழுவிப் போவதற்குள் வேண்டும் என்று போர்க்காலம் முழுக்க எழுதினார், பேசினார்.

இது எச்சரிக்கை. ஆனால் மேடையில் கோபத்தோடு சொல்லும்போது, கேட்பவர் காதில் மிரட்டலாகவும் விழும். லாஸ்கி சிக்கியது இந்த இடத்தில்தான்.

வகுப்பறைக்கு வெளியே அவர் கைவைக்காத இடமே இல்லை. படிப்படியாக சோஷலிசத்தைக் கொண்டுவர விரும்பிய ஃபேபியன் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். 1936-இல் விக்டர் கொலான்ஸ், ஜான் ஸ்ட்ராச்சி ஆகியோரோடு சேர்ந்து இடதுசாரிப் புத்தகக் கழகம் தொடங்கினார். 1937-இல் தொழிற்கட்சியின் தேசியச் செயற்குழுவுக்கு வந்தார். சோவியத் நாட்டைப் பற்றி அன்று அவர் வைத்திருந்த நம்பிக்கைகளில் பல தவறு என்று காலம் காட்டிவிட்டது. 1934-இல் மாஸ்கோ போய் உரையாற்றியபோது நாடாளுமன்றத்திலேயே அவரைக் கண்டித்தார்கள். ஆனால் ஹிட்லர்-ஸ்டாலின் உடன்பாடு வந்தபோது, அதற்குச் சப்பைக்கட்டு கட்டிய கம்யூனிஸ்டுகளை வெளிப்படையாகக் கண்டித்தவரும் அவர்தான்.

1945-க்கு வருவோம். ஐரோப்பாவில் போர் முடிந்தது, கூட்டணி அரசு கலைந்தது, ஜூலை 5 வாக்குப்பதிவு. அந்த ஆண்டு தொழிற்கட்சியின் செயற்குழுத் தலைவர் பொறுப்பு முறைப்படி லாஸ்கியிடம் வந்திருந்தது. இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கட்சியின் தலைவர், அதாவது ஜெயித்தால் பிரதமராகப் போகிறவர், கிளமென்ட் அட்லி. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். செயற்குழுத் தலைவர் பதவி வேறு. அது கட்சி அமைப்பின் பதவி, ஆண்டுக்கு ஒருவருக்குப் போகும். இரண்டில் எது பெரியது? கட்சி விதிகளில் மங்கலாகவே இருந்தது. லாஸ்கி நாடாளுமன்ற உறுப்பினராக ஒருநாளும் இருந்ததில்லை.

மே மாதமே அட்லிக்குக் கடிதம் எழுதி, கட்சி ஜெயிக்க வேண்டுமானால் நீங்கள் தலைமையை விட்டு விலகுங்கள் என்று சொன்னார். அட்லி விலகவில்லை. அப்புறம் போட்ஸ்டாம் மாநாட்டுப் பிரச்சினை வந்தது. வாக்கு எண்ணிக்கை ஜூலை 26 வரை தள்ளிப்போயிருந்ததால், ஸ்டாலினையும் ட்ரூமனையும் சந்திக்கப் போகும்போது அட்லியும் உடன் வரட்டும் என்று சர்ச்சில் அழைத்தார். அட்லி பார்வையாளராக மட்டுமே போகலாம், அங்கே எடுக்கும் முடிவு கட்சியைக் கட்டுப்படுத்தாது என்று லாஸ்கி அறிக்கை விட்டார். சர்ச்சிலுக்கு வேறென்ன வேண்டும்? மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு குழு நாளைய பிரதமரை ஆட்டிவைக்கப் போகிறது பாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்.

இந்தத் தேர்தலில் இன்னொரு பேராசிரியரும் இருந்தார் என்பது பலர் கவனிக்காத விஷயம். ஜூன் 4 வானொலி உரையில், சோஷலிசம் வந்தால் ஏதோ ஒரு வகை கெஸ்டாபோவும், அதாவது ஹிட்லரின் ரகசியப் போலீஸ் போன்ற ஒன்றும், வரும் என்றார் சர்ச்சில். மறுநாள் அட்லி, இது ஃபிரெட்ரிக் ஹாயெக் என்ற ஆஸ்திரியப் பேராசிரியரின் கருத்து, இரண்டாம் கையாக வந்திருக்கிறது என்று பதில் சொன்னார். ஹாயெக் எங்கே கற்பித்துக்கொண்டிருந்தார்? அதே லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில். ஒரே கட்டடத்தில் பாடம் நடத்திய இருவரின் பெயர்கள் இரண்டு கட்சிகளும் எதிராளி மீது எறியும் கற்களாக ஆன தேர்தல் அது.

ஜூன் 16 மாலை, இங்கிலாந்தின் நியூவார்க் நகரச் சந்தைத் திடல். பேசி முடித்த லாஸ்கியிடம் ஒருவர் எழுந்து, போர்க்காலத்தில் நீங்கள் ஏன் வன்முறைப் புரட்சியை ஆதரித்தீர்கள் என்று கேட்டார். சாதாரண ஆள் இல்லை, எதிர்த்தரப்புக்காக உழைத்த பத்திரிகையாளர். லாஸ்கி என்ன பதில் சொன்னார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சம்மதத்தின் வழியே கிடைக்காவிட்டால் நாங்கள் வன்முறையைப் பயன்படுத்த வேண்டியிருக்கும், அது புரட்சியே ஆனாலும், என்று அவர் சொன்னதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. தேவையான மாற்றங்களைச் சம்மதத்தோடு செய்யாவிட்டால் அவை வன்முறையில்தான் வந்து முடியும் என்பதே தான் சொன்னது என்றார் லாஸ்கி. ‘நாங்கள் செய்வோம்’ என்பதற்கும் ‘அது நடந்துவிடும்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம். தேசியப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. லாஸ்கி வழக்குப் போட்டார்.

தேர்தலில் தொழிற்கட்சி 393 இடங்களோடு ஜெயித்துவிட்டது. லாஸ்கியால் கட்சிக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் பிரதமர் அட்லியின் பொறுமை தீர்ந்திருந்தது. வெளிநாட்டுக் கொள்கை பற்றி லாஸ்கி தொடர்ந்து பேட்டி கொடுக்கவே, ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஒரு கடிதம் எழுதினார். அரசின் சார்பில் பேச உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டு, நீங்கள் கொஞ்ச காலம் மௌனமாக இருந்தால் நல்லது என்று முடித்தார். அட்லியும் ஒரு காலத்தில் அதே லண்டன் ஸ்கூலில் விரிவுரையாளராக இருந்தவர்தான்.

வழக்கு 1946 நவம்பர் இறுதியில் தலைமை நீதிபதி கோடார்ட் முன் வந்தது. அந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காக வாதாடியவர் சர் பேட்ரிக் ஹேஸ்டிங்ஸ், அன்று குறுக்கு விசாரணையில் பேர்போனவர். அவர் சந்தைத் திடலைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. லாஸ்கியின் புத்தகங்களைக் கையில் எடுத்தார். ‘புரட்சி’, ‘வன்முறை’ என்று எழுதிய பகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, இது உங்கள் எழுத்துதானே, ஆமா இல்லையா என்று கேட்டார். இருபது பக்கம் விளக்க வேண்டிய கருத்துக்கு ஒரு சொல்லில் பதில் கேட்டால் பேராசிரியர் என்ன செய்வார்? விளக்கத் தொடங்கினார். விளக்க விளக்க, மழுப்புகிறார் என்ற எண்ணம்தான் ஜூரிக்கு வந்திருக்கும்.

ஓர் இடம் மனதில் நிற்கிறது. சோஷலிஸ்ட் கட்சியில் சலுகை பெற்றவர்கள் யாராவது உண்டா என்று ஹேஸ்டிங்ஸ் கேட்டார். ஹேஸ்டிங்ஸ் 1924-இல் முதல் தொழிற்கட்சி அரசில் தலைமை வழக்கறிஞராக இருந்து பிறகு கட்சியை விட்டவர். லாஸ்கி பட்டென்று, “நீங்கள் உறுப்பினராக இருந்தபோது, சர் பேட்ரிக்...” என்று ஆரம்பித்தார். வகுப்பறையில் சிரிப்பும் கைதட்டலும் வாங்கித் தந்திருக்கும் பதில். நீதிமன்றத்தில் ஹேஸ்டிங்ஸ் அவரை முடிக்கவிடவில்லை. மரியாதைக் குறைவாகப் பேசாதீர்கள், எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவீர்களா என்று மடக்கினார். இருபது ஆண்டுகளாக மாணவர்கள் முன்னால் அவருக்குக் கைகொடுத்த திறமை, அந்த ஒரு நொடியில் அவருக்கு எதிராகத் திரும்பியது.

டிசம்பர் 2-ஆம் தேதி ஜூரி நாற்பது நிமிடத்தில் முடிவு சொன்னது. பத்திரிகை வெளியிட்டது நேர்மையான, சரியான செய்திதான். வழக்குச் செலவு பன்னிரண்டாயிரம் பவுண்டுக்கு மேல். ஓர் ஆசிரியரால் கட்டக்கூடிய தொகையா அது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நண்பர்கள் நிதி திரட்டினார்கள். ஆக்ஸ்டெட் ரயில் நிலையம் பற்றி அந்த நீதிமன்றத்தில் யாருக்கும் தெரியாது. உண்மையில் குண்டு வைத்த பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லை. வன்முறை வந்துவிடக் கூடாதே என்று பதினைந்து ஆண்டு எழுதிய மனிதரைத்தான் வன்முறைக்காரர் என்று சொன்னார்கள்.

என் கணிப்பில் அந்தத் தீர்ப்பு, அன்று சந்தையில் அவர் என்ன சொன்னார் என்பதைப் பற்றியது இல்லை, அவர் வாழ்நாள் முழுக்க எழுதியதைப் பற்றியது. அதே சமயம் இன்னொன்றும் உண்மை. கட்சிச் செயற்குழுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேராசிரியரைப் போல யோசித்துக்கொண்டே பேச முடியாது. லாஸ்கி இரண்டையும் பிரிக்க மறுத்தார். 1924-இல் மூடிய அறையில் தனியாக நின்றபோது அவருக்குப் பலமாக இருந்த பிடிவாதம், 1945-இல் கட்சியின் பெயரால் பேசியபோது அவருக்கே பாரமானது.

பிறகு அவர் பழைய லாஸ்கி இல்லை என்று நெருங்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1949-இல் செயற்குழுவை விட்டு விலகினார். 1950 பிப்ரவரி தேர்தலில் உடம்பு முடியாத நிலையிலும் ஊர் ஊராகப் போய்க் கட்சிக்காகப் பேசினார். மார்ச் 24 அன்று இறந்தார். வயது 56. அவர் நாற்காலிக்கு வந்தவர் மைக்கேல் ஓக்‌ஷாட், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் எதிர்க்கருத்து கொண்ட பழமைவாதச் சிந்தனையாளர்.

ஆனால் வகுப்பறையில் அவர் தோற்கவே இல்லை. சிறிய உருவம், வட்டக் கண்ணாடி, மீசை, கையில் குறிப்பு எதுவும் இல்லாத சொற்பொழிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு லண்டனில் இருந்த அவர் வீட்டில் மாணவர்களுக்குத் தேநீர் உண்டு. மதராஸ் மாநிலக் கல்லூரியில் படித்து, அடையாறில் அன்னி பெசன்டோடு இருந்துவிட்டு லண்டன் போன வி.கே. கிருஷ்ண மேனன் அவர் மாணவர். மேனன் நடத்திய இந்தியா லீக் மேடைகளில் இந்திய விடுதலைக்காக லாஸ்கி ஓயாமல் பேசினார். இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரும் பின்னாளில் நிதியமைச்சருமான என்.எம். பெரேரா அவரிடம் ஆய்வு செய்தவர். இந்திய அமைச்சரவைக் கூட்டங்களில் லாஸ்கியின் ஆவிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சே இருந்தது. அகமதாபாத்தில் 1954-இல் அவர் பெயரில் ஓர் அரசியல் அறிவியல் நிறுவனமும் தொடங்கினார்கள்.

நியூவார்க் வழக்கு நடந்த அதே காலத்தில் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தார் கேரளத்தின் உழவூரிலிருந்து வந்த கே.ஆர். நாராயணன் என்ற இளைஞர். படிப்பு முடிந்து 1948-இல் ஊருக்குக் கிளம்பியபோது, அவர் கேட்காமலேயே நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார் லாஸ்கி. டெல்லியில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நேருவைப் பார்க்க நேரம் கிடைத்தது. சில நிமிடங்கள் லண்டனைப் பற்றிப் பேச்சு. கிளம்ப வேண்டிய நேரம் என்று தெரிந்ததும் நாராயணன் எழுந்தார், கடிதத்தை நேருவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்தக் கட்டடத்தின் வட்டமான தாழ்வாரத்தில் பாதி தூரம் போயிருப்பார். பின்னால் யாரோ கை தட்டும் சத்தம். திரும்பினால், நேரு வாசலில் நின்று வரச் சொல்லிக் கையசைக்கிறார். கடிதத்தைப் பிரித்துப் படித்திருந்தார். இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டார். போகும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்றார் நாராயணன். நேரு இன்னும் சில கேள்விகள் கேட்டார். அடுத்த ஆண்டு நாராயணன் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1997-இல் குடியரசுத் தலைவர் ஆனார்.